காணாமை எப்போது சாட்சியாகும்

1858-ஆம் ஆண்டு லின்னேயஸ் டிரைப் மதுரையில் எடுத்த புகைப்படங்களில் கல் பேசுகிறது, சுதை பேசுகிறது, வெயில்கூடப் பேசுகிறது. ஆள் அரவம் மட்டும் இல்லை என்றே சொல்லிவிடலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்து மாகாண அரசின் புகைப்படக்காரராக வந்தவர் அவர். திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களும், காரை உதிர்ந்த வளைவுகளும் அவர் படத்தில் துல்லியமாக இருக்கின்றன. பின்னால் ஆளுநர் நேப்பியர் காலத்தில் மகால் பழுதுபார்க்கப்பட்டது. நெடுங்காலம் நீதிமன்றமாக இருந்தது. இன்று தொல்லியல் துறையின் காப்பில், காட்சிக்கூடத்தோடு நிற்கிறது. பழுதுபார்ப்புக்கு முன் கட்டடம் எப்படி இருந்தது என்று கேட்டால் டிரைப்பின் படத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அதே படத்தைப் பார்த்து, அங்கே மனிதர் யாரும் இல்லை, அது யாருக்கும் வேண்டாமல் கிடந்த இடம் என்று ஒருவர் முடிவு கட்டினால் அதை ஏற்கலாமா? அருங்காட்சியகங்களையும், அருங்காட்சியகம் ஆகப்போகும் கட்டடங்களையும் காட்டும் முதல் தலைமுறைப் படங்கள் எல்லாவற்றின் மீதும் இந்தக் கேள்வி நிற்கிறது. ஏற்கக்கூடாது என்பது என் வாதம். அதற்கான காரணத்தைத் தமிழில் அளவை நூல் எழுதியவர்கள் கேமரா பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வகுத்துவைத்திருக்கிறார்கள்.

முதலில் கருவியைப் பார்ப்போம். டிரைப் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகிட்ட காகித நெகட்டிவ். இந்நாட்டு வெயிலுக்கு அது தோதானது; முன்கூட்டியே தயார் செய்து மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோகலாம். ஆனால் ஒளியை மெதுவாகத்தான் குடிக்கும். ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்துவைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் அசையாமல் நின்றது பதியும்; நடந்தது, திரும்பியது, குனிந்து கும்பிட்டது எதுவும் பதியாது. 1838-இல் பாரிஸில் தாகேர் ஒரு பெருந்தெருவைப் படமெடுத்தபோதே இது தெரிந்துவிட்டது. வண்டியும் சனமுமாக இருந்த தெரு படத்தில் காலியாக விழுந்தது. காலைப் பலகைமேல் வைத்து, செருப்புக்கு மெருகு போட்டுக்கொண்டு நின்ற ஒருவரின் உருவம் மட்டும் நின்றது. இதைத் தூத்துக்குடிக் கடலில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. முத்துக்குளித்துறையில் மூச்சடக்கி இறங்குகிறவர் நீருக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். கல்லைக் காலில் மாட்டி இறங்குவார், கைக்கு எட்டிய சிப்பியை வலைப்பையில் அள்ளுவார், கயிற்றை அசைப்பார், மேலே வந்துவிடுவார். (அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இக்கரையில் ஒரு பேச்சு உண்டு; தங்கையின் தாலி அவன் கையைப் பிடித்துவைத்திருக்கும் என்ற கணக்கு.) டிரைப்பின் கேமராவைக் கரையில் வைத்து ஒரே ஒரு நெகட்டிவுக்கு ஒளி காட்டும் நேரத்துக்குள் ஒருவர் இறங்கி, அள்ளி, ஏறி, மறுபடி இறங்கிவிடலாம். படத்தில் வெறுங்கடல்தான் இருக்கும்.

இல்லாமையை எப்படி அறிகிறோம் என்பது இந்தியத் தத்துவத்தில் பெரிய வழக்கு. தரையில் குடம் இல்லை என்று அறிகிறோம். அந்த அறிவு எங்கிருந்து வந்தது? இல்லாத குடம் கண்ணில் படாதே. குமாரிலர் வழி வந்த மீமாம்சகர்கள், காணாமையே ஒரு தனி அளவை என்றார்கள். நையாயிகர்கள், அது காட்சியிலேயே அடங்கும் என்றார்கள். பிரபாகரர் வழியினர், இன்மை என்று தனிப் பொருளே கிடையாது, வெறுந்தரைதான் உண்டு என்றார்கள். தமிழிலும் இது பேசப்பட்டது. மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்கும் இடத்தில் அளவைகளின் பட்டியல் வருகிறது. அபாவம் அதில் ஒன்று. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியாரும் அபாவத்தை எண்ணிச் சொல்லிவிட்டு, எல்லாம் கடைசியில் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். இவர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு மோதினாலும், இன்மையை அறியலாம் என்று கொண்டவர்கள் ஒரு நிபந்தனையில் கவனமாக இருந்தார்கள். காணாமை என்பது வெறுமனே காணாமல் இருப்பதல்ல. பொருள் இருந்திருந்தால் கண்டிருப்போம் என்ற நிலை வேண்டும். வெளிச்சம் இருக்க வேண்டும், கண் பழுதில்லாமல் இருக்க வேண்டும், பொருள் கண்ணுக்கு எட்டும் வகையினதாக இருக்க வேண்டும். இருட்டறையில் குடம் தென்படவில்லை என்றால் அதிலிருந்து எதுவும் தெரியாது. இதற்கு யோக்கியானுபலப்தி என்று பெயர். தகுதியுள்ள காணாமை என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். மெழுகிட்ட காகிதத்துக்கு நடமாடும் மனிதரைப் பொறுத்தவரை இந்தத் தகுதி இல்லை. தூணைப் பொறுத்தவரை முழுத் தகுதி உண்டு. ஆகவே தூணில் சிற்பம் இல்லை என்று அந்தப் படம் சொன்னால் நம்பலாம். தூணருகே ஆள் இல்லை என்று அது சொல்லவே இல்லை. சொல்லியதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதற்கு வலுவான ஆதாரம் டிரைப்பின் படங்களுக்குள்ளேயே இருக்கிறது. அதே 1858-இல் அவர் சென்னை மத்திய அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் படமெடுத்தார். 1845-இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பியவை அவை; 121 கற்கள் 1859-இல் கப்பலேறி லண்டன் போய், 1880-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. அமராவதித் தூபியில் வழிபாடு நின்று நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. கல்லைப் பெயர்த்து வீடு கட்டவும் குளம் வெட்டவும் கொண்டுபோயிருந்தார்கள். அது உண்மையிலேயே கைவிடப்பட்ட இடம். அதே ஆண்டில் மதுரை மீனாட்சி கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் அதே மனிதர் எடுத்தார். தஞ்சையில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். அந்தப் பொறுமைக்குத் தலை வணங்க வேண்டும். மீனாட்சி கோயிலில் அன்றும் காலசந்தி முதல் அர்த்தசாமம் வரை பூசை நடந்தது. ஆனாலும் படத்தில் அமராவதிக் கல்லும் மீனாட்சி கோயில் மண்டபமும் ஒரே வெறுமையில் நிற்கின்றன. வழிபாடு செத்த இடத்திலும் உயிரோடிருக்கும் இடத்திலும் ஒன்றுபோலத் தோன்றும் அடையாளம் எதையும் நிறுவாது. சாதிக்க வேண்டிய பக்கத்திலும் எதிர்ப்பக்கத்திலும் ஒருங்கே காணப்படும் ஏதுவை அநைகாந்திகம் என்று ஒதுக்குகிறது மணிமேகலையின் தருக்கப் பகுதி. படத்தின் வெறுமை அப்படிப்பட்ட ஏது. அமராவதி கைவிடப்பட்டது என்பதை நாம் படத்தால் அறியவில்லை. 1797-இல் அங்கு போன காலின் மெக்கன்சி முதலானோர் எழுதிவைத்த உரையால் அறிகிறோம். மீனாட்சி கோயிலுக்கு அப்படி ஓர் உரை இல்லை. இருப்பதெல்லாம் அதற்கு மாறான உரைதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருவறைக்குள் கேமரா போகவே இல்லை. காணாமையைக் கண்மூடி நம்புகிறவர், அங்கே தெய்வமே இல்லை என்றும் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அமராவதிக் கற்களில் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இந்த விவகாரம் வேறொரு ஆழத்துக்குப் போகிறது. அவற்றுள் பழைய வகைச் சிற்பங்களில் புத்தர் உருவம் கிடையாது. நடுவில் ஓர் இருக்கை, காலியாக. அதன் அடியில் இரண்டு பாதச் சுவடுகள். மேலே மரம் அல்லது குடை. சுற்றிலும் ஆணும் பெண்ணும் கைகூப்பி, தலை தாழ்த்தி, மண்டியிட்டு நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறார்கள். டிரைப்பின் அருங்காட்சியகப் படங்களில் வழிபடுகிற கூட்டம் ஒன்று உண்டென்றால் இதுதான்: அசையாத கூட்டம், ஆகவே பதிந்த கூட்டம். இங்கே இருக்கையின் வெறுமை சிற்பி தெரிந்தே வைத்தது. கூப்பிய கைகளெல்லாம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதை வைத்து அந்த வெறுமையை நாம் நிரப்பிப் படிக்கிறோம். அது பேசும் வெறுமை. புகைப்படத்தின் வெறுமையோ கருவியின் ஊமைத்தனம். இரண்டையும் ஒன்றாகப் படிப்பதுதான் தவறு. சூசன் ஹண்டிங்டன் போன்ற அறிஞர்கள், இந்தக் கற்களில் புத்தரின் இன்மை காட்டப்படவே இல்லை, புனிதத் தலங்களுக்கு அடியவர் போய் வணங்கும் காட்சிதான் காட்டப்படுகிறது என்று வாதிடுகிறார்கள். அந்த வாதம் சரியென்றால் என் கருத்துக்கு அது பலமே தவிர இடையூறல்ல. சிற்பி செதுக்கிய வெறுமையைக்கூட இன்மை என்று அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது என்றாகிறது. அப்படியிருக்க, மெதுவான காகிதம் தவறவிட்ட வெறுமையைப் பற்றி என்ன சொல்ல?

எதிர்வாதங்களுக்கு வருவோம். 1880-களில் உலர்தகடு பரவலாகிவிட்டது. நொடியின் ஒரு சிறு பகுதியில் படமெடுக்க முடிந்தது. அதற்குப் பிறகும் அருங்காட்சியகக் கட்டடங்களின் படங்கள் காலியாகவே இருக்கின்றனவே, அப்போது கருவியைக் குறை சொல்ல முடியுமா என்று கேட்கலாம். முடியாது. ஆனால் கருவி தகுதி பெற்றவுடன் வழக்கு வேறு அளவைக்கு மாறிவிடுகிறது. காலை வேளை பார்த்து, வாசலில் நின்றவர்களை விலகச் சொல்லி, அளவு தெரிவதற்காக ஒருவரை மட்டும் தூணருகே நிறுத்தி எடுத்த படம் காட்சி அல்ல, உரை. ஒருவர் தேர்ந்து சொன்ன சொல். உரை அளவையாக வேண்டுமானால் சொன்னவர் அறிந்தவராகவும் மறைக்காதவராகவும் இருக்க வேண்டும் என்பது நூல் வழக்கு. கட்டடக் கலையை அறிந்தவர் என்ற அளவில் அவரை நம்பலாம். அந்தக் கட்டடத்துக்கு யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்பதில் அவர் வாய் திறக்கவே இல்லை. அளவுக்காக நிறுத்தப்பட்ட அந்த ஒருவரும் தன் வேலையை விட்டு, சொன்ன இடத்தில் நின்றவர். அவரை வைத்து அந்த இடத்தின் வாழ்க்கையைப் படிக்க முடியாது.

எந்தக் கேமராவுக்கும் எக்காலத்தும் தகுதி இல்லாத விஷயங்களும் உண்டு. தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் கொழும்பு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆளுநர் வில்லியம் கிரிகரி காலத்தில் ஜேம்ஸ் ஸ்மித்தர் வரைந்து, 1877 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட வெள்ளை மாளிகை. கட்டிமுடித்தவர் வாப்பிச்சி மரைக்கார். திறப்பு நாளில், உமக்கு என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டார், அது நெடுங்காலம் காக்கப்பட்டது என்பது இலங்கையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்தக் கட்டடத்தின் பழைய படங்கள் எத்தனையோ கிடைக்கின்றன. தூண் வரிசையும் முகப்பும் புல்வெளியும் எல்லாவற்றிலும் உண்டு. ஜும்ஆ தொழுகை நேரத்தின் மரியாதை எதிலும் இல்லை. இருக்கவும் முடியாது. சாத்திய கதவைப் படமெடுக்கலாம். எதற்காகச் சாத்தியிருக்கிறது என்பது கதவில் தெரியாது. கட்டியவரின் இறைநம்பிக்கை அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி என்றால், அதை உரையால் மட்டுமே அறிய முடியும்.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் ஒன்று உண்டு. காணாமையை இப்படித் தள்ளிவிட்டால் எதை வேண்டுமானாலும் இருந்தது என்று சொல்லிவிடலாமே, மூடநம்பிக்கைக்குக் கதவு திறந்துவிடுகிறீர்களே என்பது அது. முத்துக்குளித்துறையே இதற்குச் சரியான உரைகல்லைத் தருகிறது. முத்துக்குளிப்பு நடக்கும் சிலாபத்தில் கடல்கட்டி என்றொருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். அவர் கரையில் இல்லாமல் குளியாட்கள் கடலில் இறங்கமாட்டார்கள். மார்க்கோ போலோவே இக்கடலைப் பற்றிச் சொல்லும்போது, மீன்களைக் கட்டும் பிராமணர்களுக்கு எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்று குறித்திருக்கிறார். பின்னால் வெள்ளைக்கார அரசும் கடல்கட்டிக்கு ஊதியம் கொடுத்தே வைத்திருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885-இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன் 1889-இல் தூத்துக்குடிச் சிலாபத்துக்கு வந்து, முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் பற்றி எழுதினார்; அருங்காட்சியகத்தின் முதல் வெளியீட்டிதழே 1894-இல் இந்தப் பொருள் பற்றி வந்ததுதான். சரி, கடல்கட்டியின் வாதம் என்ன? சுறா வரவில்லை, ஆகவே மந்திரம் பலித்தது. இதில் முதல் பாதி தகுதியுள்ள காணாமை. நீருக்குள் கண் திறந்திருந்த நூற்றுக்கணக்கான பேர் சுறா வந்திருந்தால் கண்டிருப்பார்கள். அவர்கள் காணவில்லை என்றால், அன்று அங்கே அது இல்லை என்று துணிந்து சொல்லலாம். இரண்டாம் பாதி அப்படி நிற்காது. இன்மை அறியப்பட்டது, இன்மைக்குக் காரணம் அறியப்படவில்லை. பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் நீரில் குதிக்கும் இரைச்சலே சுறாவை விரட்டப் போதும் என்று எழுதியவர்கள் உண்டு. ஆக, நான் சொல்லும் விதி நம்பிக்கைக்குச் சலுகை தருவதல்ல. புகைப்படத்தை எந்தக் கண்டிப்போடு விசாரிக்கிறதோ அதே கண்டிப்போடு மந்திரத்தையும் விசாரிக்கிறது. அதே சமயம், கடல்கட்டி நின்றதால் ஆட்கள் துணிந்து இறங்கினார்கள் என்பது பலர் கண்டு எழுதிய செய்தி. அதற்கு மந்திரம் மெய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அரசு கொடுத்த கூலி அந்தத் துணிச்சலுக்கான கூலிதான்.

பௌத்தர் ஒருவர் இன்னொரு கோணத்தில் குறுக்கிடலாம். எல்லாமே கணத்துக்குக் கணம் மாறுகிறது. தூணும் மாறுகிறது, ஆளும் மாறுகிறார். நின்றது என்று நீர் சொல்வது மெதுவாக மாறுவது, அவ்வளவே என்பார். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கட்டடத்தை உண்மை என்றும் வந்துபோனவர்களை நிழல் என்றும் பிரிக்க எந்த நியாயமும் மிஞ்சாது. இரண்டில் எது காகிதத்தின் வேகத்துக்கு ஒத்துப்போனதோ அது படத்தில் நின்றது. பழம்படங்களைப் பார்த்து நம்மில் பலருக்கு எழும் உணர்வு, கல்லே நிலையானது, மனிதர் வெறும் வழிப்போக்கர் என்ற உணர்வு, தத்துவம்போலத் தோன்றினாலும் அது வேதியியலின் விளைவு.

தூத்துக்குடியின் திரேஸ்புரத்துக்கு இதனால் என்ன? பழைய அரசுப் புகைப்படக்காரர்களின் பட்டியல் அரண்மனை, கோயில், கோட்டை, அருங்காட்சியகம் என்றே போகும். நாட்டுப்படகும் வலையும் சங்கு குளிப்பும் நிறைந்த ஒரு மீனவர் குடியிருப்பில் படமெடுக்கத் தக்க கட்டடம் என்று அவர்கள் எதைக் கண்டிருப்பார்கள்? முத்துக்குளிப்பு 1961-இல் கடைசியாக நடந்து நின்றுவிட்டது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இங்கிருந்து போகிறார்கள். ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தலைப்பிலேயே அதைப் புனிதமானது என்று குறித்தார். இந்தக் கடற்கரையிலிருந்து எடுத்த சங்கு வங்காளத்தில் வளையலாகி மணப்பெண் கையில் ஏறுகிறது, கோயிலில் ஊதப்படுகிறது, அபிஷேகத்துக்கு நீர் ஏந்துகிறது, அருங்காட்சியகத்தில் மெல்லுடலி வகையில் எண்ணிடப்பட்டு அமர்கிறது. எடுத்தவர்களில் ஒரு பகுதியினர் முஸ்லிம்கள், ஒரு பகுதியினர் பனிமய மாதாவின் பிள்ளைகளான பரதவர்கள். ஒருவர் வணங்குவதை இன்னொருவர் மூச்சடக்கி எடுத்துத் தந்த இந்த உறவு, என்னைக் கேட்டால், இக்கரையின் சமய வரலாற்றில் எந்தக் கோபுரத்துக்கும் குறைந்ததல்ல. பழைய படத் தொகுப்புகளில் அதற்கு இடம் இல்லை என்பதால், அது நடக்கவில்லை என்றோ பெரிதல்ல என்றோ சொல்ல முடியுமா? அந்தத் தொகுப்புகளுக்கு இதைக் காணும் தகுதி எங்கே இருந்தது?

ஆதிச்சநல்லூர் தூத்துக்குடியிலிருந்து எட்டிவிடும் தூரம். 1876-இல் யாகோர் அங்கிருந்து எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்த தாழிகளும் வெண்கலமும் பொன் நெற்றிப்பட்டங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2023 ஆகஸ்டில் குழிகளின் மேலேயே கண்ணாடி போட்டு, தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி களக் காட்சிக்கூடம் திறந்தார்கள். நல்ல முன்னேற்றம். ஆனாலும் தாழியைச் சுற்றி நின்று அழுதவர்கள் கண்ணாடிக்குக் கீழே இல்லை. அவர்களைக் கருதலால்தான் அடைய வேண்டும்: பிணத்தோடு வைத்த பாத்திரத்தால், நெல் உமியால், நெற்றியில் கட்டிய பொன்னால். இப்படிப்பட்ட கூடங்களிலும், மகால் போன்ற கட்டடங்களிலும் பழைய புகைப்படங்களை மாட்டும்போது ஆண்டையும் எடுத்தவர் பெயரையும் போடுகிறார்கள். அவற்றோடு இன்னொரு வரியும் போட வேண்டும் என்று கேட்கிறேன். எந்தக் கருவியில் எடுத்தது, அது ஒளி குடிக்க ஏறக்குறைய எவ்வளவு நேரம் ஆகும், அந்த இடத்தில் அந்நாளில் நடந்ததாக வேறு சான்றுகளால் தெரிவது என்ன. மீனாட்சி கோயில் மண்டபத்தின் 1858 படத்துக்குக் கீழே அன்றைய பூசைக் காலங்கள் இருக்கட்டும். கொழும்பின் பழைய படத்துக்குக் கீழே வெள்ளிக்கிழமை இருக்கட்டும். தூத்துக்குடியின் கடல் தொழிலுக்கென்று ஒரு கூடம் அமையுமானால், அங்கே மாட்டும் வெறுங்கடல் படத்தின் கீழே குளியாட்களுக்கும் கயிறு பிடித்தவர்களுக்கும் கடல்கட்டிக்கும் ஒவ்வொரு வாக்கியம் கொடுக்கலாம். அதற்கு வேண்டிய எழுத்துச் சான்று தர்ஸ்டன் காலத்திலிருந்தே கையில் இருக்கிறது, வாய்மொழிச் சான்று சொல்லக்கூடிய முதியவர்கள் திரேஸ்புரத்தில் இன்னும் இருக்கிறார்கள்.